அப்பாவின் மறதியும் நான் கவனிக்காமல் விட்டதும்

இது கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் அறுபதைத் தாண்டிய அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது இருந்தால் கடைசி வரைக்கும் படிங்க. நாற்பதைத் தாண்டியவங்க உங்களுக்காகவும் படிங்க.

"டாக்டர், ஞாபக சக்திக்கு என்ன மாத்திரை?" "பாதாம் ஊற வெச்சு சாப்பிட்டா மறதி போகுமா?" "அம்மாவுக்கு மறதி ஜாஸ்தியா இருக்கு, இது வயசுதானே?" இப்படி இன்பாக்ஸில் நிறைய பேர் கேட்கிறீங்க. பதில் எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். காரணம், இதை எழுதணும்னா எங்க வீட்டுக் கதையைச் சொல்லணும். அந்தக் கதையில் நான் நல்ல டாக்டரா நடந்துக்கல.

அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "எழுது பாப்பா, நாலு பேருக்கு உபயோகப்பட்டா சரி"ன்னு சொல்லிட்டார்.

1.

அப்பா அரசு பஸ் கண்டக்டர். முப்பது வருஷத்துக்கு மேல சர்வீஸ். அதில் பெரும்பகுதி மதுரை – தேனி ரூட்.

ஆரப்பாளையத்தில் வண்டி எடுத்தால் நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி. எந்த ஸ்டேஜுக்கு எவ்வளவு டிக்கெட், யார் எங்கே இறங்கணும், யாருக்கு எவ்வளவு சில்லறை பாக்கி, எல்லாம் தலைக்குள்ள இருக்கும். கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில் "பச்சச் சேல பெரியம்மா, உங்க ஊரு வந்துருச்சு, இந்தாங்க மூணு ரூவா"ன்னு கூப்பிட்டுக் கொடுப்பார். சின்ன வயசுல லீவு நாளில் அவர்கூடப் போய் கடைசி சீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கேன். எங்க அப்பாவுக்கு எதுவுமே மறக்காதுன்னு கிளாஸ்ல பெருமை அடிச்சிருக்கேன்.

அந்த மனுஷன் இரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவி அரை மணி நேரம்கூட ஆகல, "பாப்பா, சாப்பாடு எடுத்து வெக்கலயா?"ன்னு கேட்டார்.

2.

அதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடிதான் அம்மா தவறிட்டாங்க. அப்பாவைத் தனியா விட மனசில்லாம ஊர் வீட்டைப் பூட்டிட்டு நான் வேலை பார்க்கிற ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்.

மக வீட்டில் வந்து இருக்கிற அப்பாக்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காபி வேணும்னாகூடக் கேட்க மாட்டார். ஃபேன் போடணும்னா மாப்பிள்ளை உள்ளே இருக்காரான்னு பார்த்துட்டுப் போடுவார். என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், அவர்கிட்ட ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அப்பாவுக்கு அது "மாப்ள வீடு".

நான் என் பங்குக்குப் பாசத்தைக் காட்டினேன். "கடைக்கெல்லாம் நீங்க போக வேண்டாம்ப்பா, ஆன்லைன்ல வந்துரும்." "கரண்ட் பில்லு நான் போன்லயே கட்டிட்டேன்." "இந்த ஊர் டிராபிக்ல வண்டி ஓட்டாதீங்க." "நீங்க சும்மா உக்காருங்க."

சும்மா உட்கார்ந்தார். காலையில் பேப்பர், அப்புறம் டிவி, மத்தியானம் தூக்கம், மறுபடி டிவி. டிவி சத்தம் மட்டும் மாசத்துக்கு மாசம் கூடிக்கிட்டே போச்சு. "அப்பா, சத்தத்தைக் குறைங்க"ன்னு நான் கத்துவேன். அவ்வளவுதான் எங்களுக்குள்ள பேச்சு.

3.

சாப்பாடு விஷயத்துக்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பிச்சேன். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமே இல்லாம பதில் வரும். "மாத்திரை போட்டீங்களா"ன்னா "ஆமா, மழ வரும் போலதான் இருக்கு"ம்பார். பேரன் படிக்கிற ஸ்கூல் பேரு வரல. கண்ணாடியை ஃபிரிட்ஜுக்கு மேல வெச்சுட்டு ரெண்டு நாள் தேடினார்.

ஒரு ராத்திரி நானே உட்கார்ந்து டெஸ்ட் பண்ணினேன். எம்.எம்.எஸ்.இ.ன்னு ஒரு சின்ன பரிசோதனை, மொத்தம் 30 மார்க். இன்னைக்கு என்ன தேதி, எந்த ஊர்ல இருக்கோம், நான் சொல்ற மூணு வார்த்தையைத் திருப்பிச் சொல்லுங்க, நூறிலிருந்து ஏழு ஏழா கழிங்க, இந்த மாதிரி. "ஆப்பிள், மேஜை, காசு"ன்னு மூணு வார்த்தை சொன்னேன். பக்கத்து ரூம்ல டிவி ஓடிக்கிட்டு இருந்தது. அப்பா என் முகத்தையே பார்த்துட்டு "ஆப்பிள்"னு ஒன்னு மட்டும் சொன்னார்.

மொத்தம் 19 மார்க் வந்தது.

பாத்ரூமுக்குள்ள போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அல்சைமர்னு முடிவே பண்ணிட்டேன். ஓ.பி.யில் தினமும் நூத்துக்கணக்கான பேரைப் பார்க்கிறவள், சொந்த அப்பாவுக்குப் பத்து நிமிஷத்தில் தீர்ப்பு எழுதிட்டேன்.

4.

மறுநாள் எனக்குச் சீனியரான ஒரு பொது மருத்துவப் பேராசிரியர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்.

அவர் அப்பாவைப் பார்த்து "ஐயா, ராத்திரி தூக்கம் எப்படி?"ன்னு கேட்டார். "நல்லாத் தூங்குறார் சார்"னு நான் சொன்னேன். "பசி எடுக்குதா?" "பரவால்ல சார்." "யார்கிட்டயாவது பேசுறீங்களா?" "வீட்டுலதான் சார் எல்லாரும் இருக்கோமே."

அவர் பேனாவை மூடி வெச்சார். "ஏம்மா, நான் அவரைத்தான் கேட்டேன்."

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. எழுந்து பின்னாடி போய் நின்னுக்கிட்டேன்.

அவர் நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். கத்தாம, நிதானமா, ஒவ்வொரு வார்த்தையா கேட்டார். அப்பா பதில் சொன்னார். ராத்திரி மாத்திரை போட்டாத்தான் தூக்கம் வருதுன்னு சொன்னார். அம்மா போனதுக்கப்புறம் எதுலயும் ருசி இல்லன்னு சொன்னார். "பேசணும்னு ஆசதான் சார், இவங்க எல்லாம் பிஸி"ன்னு சொன்னார். இதில் ஒன்னுகூட எனக்குத் தெரியாது.

அதே மூணு வார்த்தை. இந்த முறை மூன்றையும் திருப்பிச் சொன்னார். அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டப்போ ரெண்டு ஞாபகம் இருந்தது.

"உன் அப்பாவுக்கு முதல்ல காது கேட்கலம்மா. காதுலயே விழாத வார்த்தையை அவர் எங்கேருந்து ஞாபகம் வெச்சுக்குவார்?"

5.

அடுத்த ஒரு வாரத்தில் கிடைச்சது இவ்வளவு:

இரண்டு காதிலும் குறும்பி அடைச்சிருந்தது. அதை எடுத்த பிறகு ஆடியோகிராம் பார்த்ததில், வயசு காரணமான காது கேளாமை நடுத்தர அளவில் இருந்தது.

விட்டமின் பி12 ரொம்பக் குறைவு. அப்பா பதினொரு வருஷமா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுறார். அந்த மாத்திரையை நீண்ட காலம் எடுத்தால் பி12 குறையலாம். பரீட்சையில் நானே எழுதின பதில் இது.

அம்மா இறந்த சமயத்தில் பத்து நாளுக்குன்னு எழுதின தூக்க மாத்திரையை, அந்தப் பழைய சீட்டைக் காட்டிக் காட்டியே ஒன்றரை வருஷமா வாங்கிப் போட்டிருக்கார். கூடவே மூக்கு ஒழுகினால் போடுற குளோர்பெனிரமைன் மாத்திரை, அடிக்கடி. இந்த ரெண்டுமே வயசானவங்களுக்கு மந்தமும் குழப்பமும் உண்டாக்கக் கூடியவை.

அதுக்கு மேல, மனச்சோர்வு.

தைராய்டு சரியா இருந்தது. சி.டி. ஸ்கேனில் வயசுக்கு உரிய மாற்றங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை.

6.

இங்கே கொஞ்சம் அறிவியல். பயப்படாதீங்க, சுருக்கமா சொல்றேன்.

ஞாபகம்ங்கிறது மூளையில் ஏதோ ஒரு டப்பா இல்லை. மூணு வேலை சேர்ந்தது. கண்டக்டர் பாஷையில் சொன்னால், காசை வாங்கணும், பையில் போடணும், கேட்கும்போது எடுத்துக் கொடுக்கணும்.

வாங்குறதுக்குக் காது, கண், கவனம் வேணும். பையில் போடுறதுக்கு ஹிப்போகாம்பஸ்னு மூளையின் உள்பக்கம் இருக்கிற ஒரு பகுதி வேணும். 1953ல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்புக்காக அறுவை சிகிச்சை செஞ்சு, ரெண்டு பக்கமும் அந்தப் பகுதியில் கணிசமான பங்கை எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் 2008ல் சாகிற வரைக்கும் புதுசா நடந்த எதையும் அவரால் மனசில் தக்கவெச்சுக்க முடியல. சின்ன வயசு நினைவுகள் மட்டும் பெருமளவு இருந்தது. மூளைக்குள் புது நினைவு எங்கே உருவாகுதுன்னு உலகம் தெரிஞ்சுக்கிட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இதனால்தான் காலையில் என்ன சாப்பிட்டோம்னு சொல்ல முடியாத தாத்தா, 1975ல் நடந்த கல்யாணத்துப் பந்தியை வரிசையா சொல்வார். பழசை நல்லா சொல்றாரேன்னு நாம ஏமாந்துடக் கூடாது. புதுசு பதியுதான்னுதான் பார்க்கணும்.

இந்த மூணு வேலையில் எது தடைப்பட்டாலும் வெளியே தெரியறது ஒன்னுதான்: மறதி.

லான்செட் இதழின் டிமென்ஷியா ஆணையம் 2024ல் வெளியிட்ட அறிக்கை, வாழ்நாளில் மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரி செய்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம்னு சொல்லுது. காது கேளாமை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, உடலுழைப்பின்மை, உடல் பருமன், மனச்சோர்வு, தனிமை, தலையில் அடி, பார்வைக் குறைபாடு, காற்று மாசு, சின்ன வயசில் படிப்பு இல்லாமை. இதுதான் அந்தப் பட்டியல். மாயமா மந்திரமா எதுவும் இதில் இல்லை, கவனிச்சீங்களா?

சரி, தினசரி என்ன செய்யலாம்? நாங்க எங்க வீட்டில் செஞ்ச வரிசையிலேயே சொல்றேன்.

7. காதும் கண்ணும்

வயசான காதுக்குச் சத்தம் கேட்கும், சொல் புரியாது. வல்லின எழுத்துகள் முதலில் மங்கும். "சொல்றது கேக்குது, ஆனா என்னன்னு விளங்கல"ன்னு அவங்க சொல்றது பொய் இல்லை. கேட்ட மாதிரி தலையாட்டிட்டு ஏதோ ஒரு பதில் சொல்வாங்க. நாம அதுக்கு மறதின்னு பேர் வெச்சுடுவோம்.

அரசு தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கு. அறுபதுக்கு மேல ஒரு தடவையாவது காட்டுங்க. 2023ல் வெளியான அச்சீவ் ஆய்வில், 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூணு வருஷம் பார்த்தாங்க. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் காதொலிக் கருவியால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமா இருந்தவங்களில் நினைவாற்றல் சரிவின் வேகம் பாதியளவு குறைஞ்சது.

அப்பா கருவியை மாட்ட முதலில் ஒத்துக்கல. "செவிடன்னு நாலு பேரு பாப்பாங்க." கண்ணாடி போட்டிருக்கீங்களே, குருடன்னா சொல்றாங்கன்னு பேரன்தான் கேட்டான். அடுத்த நாள் மாட்டிக்கிட்டார். பழக ரெண்டு மாசம் ஆச்சு. முதல் வாரத்திலேயே இரைச்சலா இருக்குன்னு டிராயரில் போட்டுடாதீங்க.

கண்புரை இருந்தால் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை இலவசம். தள்ளிப் போடாதீங்க.

8. மாத்திரைப் பை

வீட்டில் பெரியவங்க சாப்பிடுற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க. மருந்துக் கடையில் கேட்டு வாங்கினது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, எல்லாம் சேர்த்து. தூக்க மாத்திரையை மட்டும் நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, அது ஆபத்து. அப்பாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்த ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிடுறவங்க பி12 அளவைப் பார்க்கணுமான்னு கேளுங்க. மெட்ஃபார்மினையும் நீங்களா நிறுத்தக் கூடாது.

9. பிரஷரும் சர்க்கரையும்

மூளைக்குள் போற ரத்தக் குழாய்கள் நூல் மாதிரி மெல்லிசு. நாற்பது வயசிலிருந்து கட்டுப்பாடில்லாத பிரஷர் அந்தக் குழாய்களைத்தான் சத்தமில்லாம அரிக்குது. எழுபதில் வரும் மறதிக்கு நாற்பதிலேயே விதை விழுது. அதனால் இந்தப் பகுதி முழுக்க முழுக்க உங்களுக்கு. ஒரு வருஷத்துக்குள் பிரஷர் பார்க்காதவங்க இந்த வாரம் பார்த்துடுங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021லிருந்து நடக்குது, வீட்டுக்கே வந்து பார்க்கிறாங்க, மாத்திரையும் கொடுக்கிறாங்க. "எனக்கு ஒன்னும் செய்யல"ன்னு அவங்களைத் திருப்பி அனுப்பாதீங்க.

10. நடை

வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரத்தில் அஞ்சு நாள். 2011ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், 120 முதியவங்களில் பாதிப் பேரை வாரம் மூணு நாள், 40 நிமிஷம் வீதம் ஒரு வருஷம் நடக்க வெச்சாங்க. அவங்க ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருசாகியிருந்தது. நடக்காம வெறும் நீட்டல் பயிற்சி செஞ்சவங்களுக்கு அது சுருங்கியிருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் நடக்கிறதால் நமக்கு நஷ்டம் ஒன்னும் இல்லையே.

அப்பாவைத் தனியா நடக்கச் சொன்னப்போ மூணு நாளில் நிறுத்திட்டார். டீக்கடையில் ரெண்டு பெருசுங்க சிநேகம் ஆன பிறகு ஒரு நாளும் நின்னதில்லை.

அப்புறம் ஹெல்மெட். தலையில் அடி படுறது பின்னாளைய மறதிக்கு ஒரு காரணம். பாதாமை விட ஹெல்மெட் மூளைக்கு நல்லது. இதை நான் சீரியஸாத்தான் சொல்றேன்.

11. தூக்கம்

பகலில் வாங்கினதை மூளை ராத்திரியில்தான் அடுக்கி வெக்குது. ஏழு மணி நேரம் தூங்கப் பாருங்க. பகல் தூக்கம் அரை மணிக்கு மேல வேண்டாம். சாயங்காலத்துக்கு மேல காபி, டீ வேண்டாம். பெருங்குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்னு நின்னு வந்தால் அது வெறும் களைப்பு இல்லை, டாக்டர்கிட்ட காட்டணும்.

12. மனுஷங்களும் வேலையும்

எனக்கு ரொம்ப வலிக்கிற பகுதி இதுதான்.

குறுக்கெழுத்து, சுடோகு, போன் கேம் எல்லாம் விளையாடலாம், தப்பில்லை. ஆனா அதில் தேர்ச்சி பெற்றால் பெரும்பாலும் அந்த விளையாட்டில்தான் தேர்ச்சி வரும். மூளைக்குப் பெரிய உடற்பயிற்சி இன்னொரு மனுஷனோடு பேசுறது. அவர் சொல்றதைக் கேட்கணும், முகத்தைப் படிக்கணும், பேரு ஞாபகம் வெச்சுக்கணும், பதில் தேடணும். எல்லாம் ஒரே நேரத்தில்.

லண்டன் டாக்சி டிரைவர்களை வெச்சு 2000ல் ஒரு ஆய்வு வந்தது. ஊரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செஞ்சு வண்டி ஓட்டுறவங்களுக்கு, ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மத்தவங்களை விடப் பெருசா இருந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் தோல்பை ஞாபகம் வரும்.

இரண்டாவது உதாரணம் நம்ம பக்கத்திலேயே இருக்கு. 2013ல் ஹைதராபாத்தில் 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்தாங்க. ரெண்டு மொழி பேசுறவங்களுக்கு ஒரு மொழி மட்டும் பேசுறவங்களை விட சுமார் நாலரை வருஷம் தாமதமா நோய் வந்திருக்கு. பள்ளிக்கூடமே போகாதவங்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. படிப்பு இல்லைன்னா போச்சு, இனிமே ஒன்னும் பண்ண முடியாதுன்னு நினைக்கிற நம்ம அம்மாக்களுக்கு இது நல்ல சேதி.

இப்போ என் வீட்டுக்கு வாங்க. வாழ்க்கை முழுக்கத் தலையில் கணக்கு வெச்சிருந்த மனுஷன்கிட்டருந்து நான் கடையைப் பிடுங்கினேன். பில்லைப் பிடுங்கினேன். வண்டியைப் பிடுங்கினேன். ஊரைப் பிடுங்கினேன். எல்லாம் பாசத்தில். கை உடைஞ்சவனுக்கு மாவுக்கட்டு போட்டால் ஆறு வாரத்தில் கை சூம்பிப் போகும்னு எனக்குத் தெரியும். அப்பாவுக்கு முழுசா மாவுக்கட்டு போட்டது மட்டும் தெரியல.

எல்லாத்தையும் ஒவ்வொன்னா திருப்பிக் கொடுத்தோம். வண்டியை மட்டும் கொடுக்கல. காய்கறி அவர் பொறுப்பு. ரேஷன் அவர் பொறுப்பு. பேரனை ஸ்கூலிலிருந்து டவுன் பஸ்ஸில் கூட்டிட்டு வர்றது அவர் பொறுப்பு. முதல் ரெண்டு வாரம் என் வீட்டுக்காரர் பின்னாலேயே பைக்கில் போனார், அப்பாவுக்குத் தெரியாம. ரெண்டாவது வாரக் கடைசியில் அப்பா "மாப்ள, வெயில்ல எதுக்கு அலையிறீங்க, பஸ்லயே வாங்க"ன்னு சொல்லிட்டார்.

13. எது தேவையில்லை?

ஞாபக சக்திக்குன்னு டிவியில் வரும் பவுடர், கேப்ஸ்யூல் எதுக்கும் காசைக் கொட்டாதீங்க. வல்லாரைக் கீரை நல்ல கீரை, துவையல் அரைச்சு சாப்பிடுங்க, ருசியா இருக்கும். பாதாமும் நல்லதுதான், நிலக்கடலையும் நல்லதுதான். காய், கீரை, பருப்பு, மீன், குறைவான உப்பு, குறைவான சர்க்கரை. இதயத்துக்கு எது நல்லதோ அதுவே மூளைக்கும் நல்லது. புகையும் மதுவும் ரெண்டுக்குமே ஆகாது.

பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1260 பேரிடம் நடத்தி 2015ல் வெளியிட்ட ஆய்வில், உணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்தக் கொதிப்புக் கவனிப்பு இந்த நாலையும் சேர்த்துச் செஞ்சவங்களின் சிந்தனைத் திறன் ரெண்டு வருஷத்தில் மற்றவர்களை விட ஓரளவு மேம்பட்டது. ஒரே ஒரு விஷயத்தைத் தேடாதீங்க. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா, தினமும்.

14. எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

சாவியை எங்கே வெச்சோம்னு தேடுறது எல்லாருக்கும் வரும். சாவி எதுக்குன்னு தெரியாம கையில் வெச்சுப் பார்த்தால் காட்டணும். பேரு தொண்டையில் நின்னு சாயங்காலம் வந்தால் பரவாயில்லை. பழகின தெருவில் வழி தவறினால், தினமும் வெக்கிற குழம்பு வெக்கத் தெரியலன்னா, அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், பணக் கணக்கில் தடுமாறினால், குணமே மாறினால் காட்டணும்.

முக்கியமா ஒன்னு. நேத்து வரைக்கும் நல்லா இருந்தவங்க இன்னைக்குத் திடீர்னு உளறினால் அது வயசும் இல்லை, சாதாரண மறதியும் இல்லை. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறங்கினது, பக்கவாதம், எதுவா வேணா இருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. சில வாரத்துக்கு முன்னாடி லேசா விழுந்து தலையில் இடிச்சிருந்தால் அதையும் மறக்காம சொல்லுங்க. வயசானவங்களுக்கு மெதுவா ரத்தம் கசிஞ்சு இப்படி வரலாம்.

மனச்சோர்வுக்கு டெலிமானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

15.

இதைப் படிச்சுட்டு யாராவது ஒரு மகள், "நான் சரியா பார்த்துக்காததாலதான் எங்க அம்மாவுக்கு டிமென்ஷியா வந்துச்சு"ன்னு நினைச்சுடக் கூடாது. தயவுசெஞ்சு நினைக்காதீங்க.

இந்தியாவில் அறுபதைத் தாண்டினவங்களில் சுமார் 7.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம்னு 2023ல் வந்த மதிப்பீடு சொல்லுது. அவங்களில் தினமும் நடந்தவங்க உண்டு, நல்லா படிச்சவங்க உண்டு, பத்துப் பேர் இருக்கிற கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவங்க உண்டு. என் ஓ.பி.க்கு ஒரு ரிட்டயர்டு கணக்கு டீச்சர் வர்றாங்க. எல்லா நல்ல பழக்கமும் இருந்தவங்க. இப்போ கூட வர்ற மகனை "தம்பி, நீ யாரு வீட்டுப் புள்ள?"ன்னு கேட்கிறாங்க. அவர் ஒவ்வொரு தடவையும் சிரிச்சுக்கிட்டே "உங்க வீட்டுப் புள்ளதாம்மா"ங்கிறார். அந்த மகன் எங்கேயும் தப்பு செய்யல. பழக்கங்கள் ஆபத்தைக் குறைக்கும், உத்தரவாதம் தராது.

நோயே வந்துட்டாலும் காது, கண், மாத்திரை, தூக்கம், பேச்சு இதையெல்லாம் கவனிச்சால் இருக்கிற நாட்கள் நல்ல நாட்களா இருக்கும். அதுவும் வைத்தியம்தான்.

16.

எட்டு மாசம் கழிச்சு அப்பாவுக்குத் திரும்ப அதே டெஸ்ட் எடுத்தாங்க. இந்த முறை நான் ரூமுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். 26 மார்க்.

"முழுசா நார்மல்னு சொல்ல மாட்டேம்மா. லேசா ஒரு சரிவு இருக்கத்தான் செய்யுது. வருஷா வருஷம் பார்ப்போம்"னு சீனியர் சொன்னார். அந்த லேசான சரிவு எந்தப் பக்கம் போகும்னு யாராலும் இப்போ சொல்ல முடியாது. நான் டாக்டர்ங்கிறதால எனக்கு அந்தப் பயம் மத்தவங்களை விடக் கொஞ்சம் கூடுதலாவே உண்டு.

ஆனா இப்போ நாங்க பேசுறோம். ராத்திரி சாப்பாட்டுக்கு டிவி ஆஃப். நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுறேன். இன்னைக்கு ஓ.பி.யில் எத்தனை பேர்னு கேட்பார். டவுன் பஸ் கண்டக்டர் ஒருத்தர் தப்பா சில்லறை கொடுத்த கதையைச் சொல்வார். அம்மாவைப் பற்றியும் பேசுறார். முன்னாடி பேசவே மாட்டார்.

நேத்து காய் வாங்க அனுப்பினேன். ஏழு ஐட்டம். எழுதித் தரவான்னு கேட்டதுக்கு "முப்பது வருஷம் எழுதியா வெச்சேன்?"னு கிளம்பிட்டார். வந்து பையைக் கொட்டினால் ஆறு ஐட்டம்தான் இருந்தது. கொத்தமல்லி இல்லை.

முன்னாடி இருந்த நானா இருந்தா "விடுங்கப்பா, நான் ஆன்லைன்ல போட்டுக்கிறேன்"னு சொல்லியிருப்பேன்.

"அப்பா, ஒரு ஸ்டேஜ் விட்டுப் போச்சு"ன்னேன்.

ஒரு நிமிஷம் யோசிச்சார். "மல்லி!"ன்னு சொல்லிட்டு மறுபடி செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பினார்.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இன்னைக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்க. பதிலை நீங்க சொல்லாதீங்க. அவங்க சொல்ற வரைக்கும் காத்திருங்க.

 தேவைப்படுறவங்களுக்குப் பகிருங்க.